மர்மக் கதைக்கு மொய் எழுதாதீங்க மக்களே!

போன ஞாயித்துக்கிழமை காலைல, காபி கூட ஆறல, ஒரு போன். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற தம்பி.

"அண்ணா, நம்ம முதல் நாவல் வந்துருச்சு. சஸ்பென்ஸ் த்ரில்லர். ஃப்ரெண்ட்ஷிப்தான் சப்ஜெக்ட். நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு ரகசியம். லிங்க் அனுப்பியிருக்கேன். அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி தட்டி விட்டுருங்க."

"படிச்சுட்டுப் போடறேன்டா."

"படிக்கறதை அப்புறமா மெதுவா படிங்கண்ணா. ஸ்டாரை மட்டும் இன்னிக்குள்ள போட்டுருங்க. முதல் நாள் ரொம்ப முக்கியம்."

சத்தியமா இப்படியேதான் சொன்னான். அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவன் வயசுல எல்லாரும் இதைத்தான் பண்றாங்க, இவனும் பண்றான். இந்தப் பதிவுல விழப்போற திட்டுல முக்கால்வாசி எனக்கே எனக்குத்தான். மிச்சம் இருக்கிற கால்வாசியை நீங்க பங்கு போட்டுக்கலாம். ஏன்னு சொல்றேன்.

நான் வளர்ந்தது கோபாலபுரம். கலைஞர் வீட்டுத் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. பலகைல அவ்வை சண்முகம் சாலைன்னு எழுதியிருந்தாலும் எங்க வாய்ல இன்னிக்கும் அது லாயிட்ஸ் ரோடுதான். அந்தப் பக்கம் ஒரு வாடகை நூலகத்துலதான் நான் தமிழே ஒழுங்காப் படிக்கக் கத்துக்கிட்டேன். பாடப் புத்தகத்தால இல்லைங்க, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், சுஜாதா புண்ணியத்துல. புத்தக விலையில பத்துல ஒரு பங்கு வாடகை. பாக்கெட் மணி அதுக்கே சரியாப் போகும்.

அங்க ஒரு மகானுபாவன் உறுப்பினரா இருந்தான். யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. மர்ம நாவலை எடுத்துட்டுப் போய்ப் படிச்சு முடிச்சதும், கொலைகாரன் பேரு முதல் தடவை எந்தப் பக்கத்துல வருதோ, அந்தப் பக்கத்துக்குப் போய், பேரைச் சுத்திச் சிவப்பு மையில வட்டம் போட்டு, ஓரத்துல "இவன்தான்" அப்படின்னு எழுதி வெச்சிடுவான். ஏழாம் பக்கத்துலயே "இவன்தான்"! மிச்சம் 90 பக்கத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நானும் என் சிநேகிதன் ஒருத்தனும் அவனை வாய்க்கு வந்தபடி சபிச்சிருக்கோம். கையில கிடைச்சா கோபாலபுரம் கிரவுண்டுல ஸ்டம்ப்பா நட்டு வெச்சுப் பந்து போடணும்னு திட்டம் எல்லாம் இருந்தது.

இப்ப யோசிச்சா அந்தச் சிவப்பு மை ஆசாமி எவ்வளவோ தேவலை. அவன் எழுதினது உண்மை. நான் எழுதினது பொய்.

அந்தச் சிநேகிதன்தான் கதைக்கே நாயகன். ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த காலத்துல (2008ல மூடிட்டாங்க, 2010லேருந்து அந்த இடம் செம்மொழிப் பூங்கா) ரெண்டு பேரும் ஒரு காபியைப் பங்கு போட்டுக்கிட்டு, "ஒரு நாள் நாமளும் ஒரு மர்மக் கதை எழுதணும்டா"ன்னு பேசினவங்க. நான் பேச்சோட நின்னுட்டேன். அவன் எழுதிட்டான். பேங்க் வேலை, ரெண்டு குழந்தைங்க, அப்பாவுக்கு டயாலிசிஸ். இத்தனைக்கும் நடுவுல ராத்திரி பதினோரு மணிக்கு மேல உக்காந்து ரெண்டு வருஷம் எழுதினான். 2019ல மின்நூலாப் போட்டான். போடறதுக்கு மூணு வாரம் முன்னாடியே எனக்கு அனுப்பி, "நீதான்டா முதல் வாசகன். பார்த்துச் சொல்லு"ன்னான்.

படிச்சேன். ஒரே உட்காரல்ல படிச்சேன். நல்லா இருந்தது. நிஜமாவே. ஆனா ரெண்டு விஷயம் உறுத்துச்சு. ஒண்ணு, நாலு நண்பர்கள்ல மூணு பேர் மனசுல என்ன ஓடுதுன்னு எழுதியிருந்தான், நாலாவது ஆள் மனசுக்குள்ள மட்டும் போகவே இல்லை. அதனால நாலாவது அத்தியாயத்துலயே எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது இன்னும் மோசம். கொலை நடக்கற ராத்திரி கட்டடம் முழுக்கக் கரண்ட் இல்லைன்னு ஆறாவது அத்தியாயத்துல எழுதியிருந்தான். பதினோராவது அத்தியாயத்துல, அதே ராத்திரி, அதே கட்டடத்துல, கொலைகாரன் லிஃப்ட்ல இறங்கிப் போறான்.

போன் பண்ணினான். "எப்படிடா இருக்கு?"ன்னு கேட்ட அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி. எனக்கு வாய் வரல. "சூப்பர்டா. பிரிச்சு மேஞ்சிருக்க"ன்னேன். புத்தகம் வந்த அன்னிக்கு, "கடைசிப் பக்கம் வரை யூகிக்கவே முடியவில்லை! ஐந்து நட்சத்திரம்!" அப்படின்னு சுத்தத் தமிழ்ல எழுதியும் வெச்சேன். எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்புல இருந்த மத்தவங்களும் வரிசையா வந்து மொய் வெச்சாங்க. ரெண்டே நாள்ல இருபத்து மூணு விமர்சனம், எல்லாமே அஞ்சு. அதுல பாதிப் பேர் முதல் அத்தியாயம் தாண்டலைன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

மூணாவது வாரம் யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் ரெண்டு நட்சத்திரம் போட்டு ரெண்டே வரி எழுதினார். கரண்ட் இல்லாத கட்டடத்துல லிஃப்ட் எப்படி ஓடுச்சுன்னு ஒரு வரி. மேல இருக்கிற விமர்சனம் எல்லாம் ஆசிரியரோட நண்பர்கள் எழுதினது போலிருக்கு, ஏமாந்துட்டேன்னு இன்னொரு வரி.

அன்னிக்கு ராத்திரி அவன் கூப்பிட்டான். திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. "நீ படிச்சப்பவே கவனிச்சியாடா?"ன்னு மட்டும் கேட்டான். நான் பேசாம இருந்தேன். கொஞ்ச நேரம் அவனும் பேசல. அப்புறம் சொன்னான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு ஜெனரேட்டர் வெச்சிருப்பேனேடா."

அவ்வளவுதான். சண்டை கிண்டை எதுவும் இல்லை. இன்னிக்கும் கல்யாணம் காட்சின்னா பார்த்துக்கறோம், சிரிச்சுக்கறோம். ஆனா அதுக்கப்புறம் அவன் எழுதினது எதையும் எனக்குக் காட்டினதில்லை.

சரி, சொந்தக் கதை சோகக் கதை போதும். விஷயத்துக்கு வருவோம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. எந்தப் புத்தகத்துக்குப் பொய் விமர்சனம் எழுதினாலும் தப்புதான். ஆனா முதல் முதலா ஒருத்தன் எழுதற மர்மக் கதைக்கு, அவனோட நண்பனே பொய் சொல்றது இருக்கே, அது தப்புல எல்லாம் பெரிய தப்பு. காதல் கதையை இன்னிக்குப் படிக்கலாம், அடுத்த வருஷம் திரும்பப் படிச்சுட்டு "அந்த மூணாவது அத்தியாயம் கொஞ்சம் இழுவைடா"ன்னு சொல்லலாம். மர்மக் கதையில அது நடக்காது. யார் கொலைகாரன்னு தெரியாம படிக்கிற வாய்ப்பு ஒரு ஆளுக்கு வாழ்க்கையில ஒரே தடவைதான். தீக்குச்சி மாதிரி. ஒரு உரசல், அவ்வளவுதான். எந்த இடத்துல சந்தேகம் வந்தது, எங்க கொட்டாவி வந்தது, எங்க ஏமாந்தோம், எல்லாம் அந்த ஒரு உரசல்ல தெரியறதுதான்.

எழுதினவனுக்கு அந்த ஒரு தடவை கூடக் கிடையாது. அவனுக்கு முதல் நாளே கொலைகாரன் யாருன்னு தெரியும். தன் கதை வாசகனுக்கு எப்படிப் படும்னு தெரிஞ்சுக்க அவனுக்கு வேற வழியே இல்லை, இன்னொருத்தன் கண்ணைத்தான் கடன் வாங்கணும். முதல் புத்தகம் எழுதறவன்கிட்ட அப்படி எத்தனை கண்ணு இருக்கும்? நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. எல்லாமே நண்பர்கள். அந்த அஞ்சு தீக்குச்சியையும் உரசிப் போட்டுட்டு "சூப்பர் மச்சி"ன்னு சொன்னா, அவன் இருட்டுலதான் புத்தகத்தை வெளியிடறான். நான் பண்ணினது அதுதான்.

இப்ப 2016 டிசம்பருக்குப் போவோம். சென்னைக்காரங்க மறக்க முடியாத மாசம். நவம்பர்ல செல்லாதுன்னு அறிவிச்ச நோட்டால ஏடிஎம் வாசல்ல வரிசை நிக்குது. 5ஆம் தேதி ஜெயலலிதா காலமானார். 12ஆம் தேதி வர்தா புயல் வந்து ஊர்ல பாதி மரத்தைச் சாய்ச்சுட்டுப் போச்சு. இத்தனையும் ஆகி, வருஷக் கடைசி வாரத்துல ஒரு சின்னப் படம் வந்தது. 'துருவங்கள் பதினாறு'. எழுதி இயக்கினவர் கார்த்திக் நரேன், வயசு 22, முதல் படம். ரொம்ப நாளாத் தமிழ்ல பெருசா நாயகனா நடிக்காத ரஹ்மான்தான் படத்துல தெரிஞ்ச முகம். டூயட் கிடையாது, காமெடி ட்ராக் கிடையாது, ரெண்டு மணி நேரம் கூடக் கிடையாது.

பார்க்காதவங்களுக்காக முடிவைச் சொல்ல மாட்டேன். இவ்வளவு சொல்லலாம். கோயமுத்தூர். ஒரு காலை இழந்து, வேலையை விட்ட போலீஸ் அதிகாரி தீபக், தன்னைத் தேடி வந்த ஒரு இளைஞன்கிட்ட, பல வருஷம் முன்னாடி நடந்த ஒரு வழக்கைச் சொல்றார். ராத்திரி கார்ல போற மூணு நண்பர்கள், காணாமப் போன ஒரு பொண்ணு, புதுசா வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள் கௌதம். ஒரே ராத்திரியை ஒவ்வொருத்தர் கண் வழியாவும் திரும்பத் திரும்பப் பார்க்கறோம். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரித் தெரியுது.

படம் முடிஞ்சு வெளில வந்தப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு. அந்தப் படத்துல மறைக்கறவங்க நிறையப் பேர் கெட்டவங்க இல்லை. யாரோ யாரையோ காப்பாத்தத்தான் மறைக்கறாங்க. கூட வந்த நண்பன்னு மறைக்கறாங்க, வேண்டியவன்னு மறைக்கறாங்க. ஆனா அதுக்கு விலை கொடுக்கறது வேற யாரோ. (2019ல அந்த அஞ்சு நட்சத்திரத்தைத் தட்டினப்ப இது ஏன் ஞாபகம் வரலைன்னு கேக்காதீங்க. வரலை.)

அந்தப் படம் எப்படி ஓடுச்சு? பார்த்தவங்க பார்க்காதவங்ககிட்டச் சொல்லி ஓடுச்சு. அதுல கார்த்திக் நரேனுக்கு நாம யாரும் மச்சான் இல்லை. நான் அவர் கல்யாணத்துக்குப் போகணும்னு இல்லை, அவர் என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வரணும்னு இல்லை. அதனால நாம சொன்ன வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. "நல்லாருக்கு, போய்ப் பாரு, ஆனா அந்த மூணு பசங்க பேசறது அங்கங்க ஒப்பிக்கற மாதிரி இருக்கு"ன்னு நான் என் தங்கச்சிகிட்டச் சொன்னேன். அந்த 'ஆனா' இருந்ததாலதான் அவ முன்பாதியை நம்பினா. அந்த 'ஆனா'வை எடுத்துட்டுப் பாருங்க, அது விளம்பரம்.

இந்த இடத்துல ஒரு கூட்டம் கையைத் தூக்கும். "த்ரில்லரை எப்படிப்பா விமர்சனம் பண்றது? எதைச் சொன்னாலும் ஸ்பாய்லர் ஆயிடுமே! அதான் சூப்பர்னு மட்டும் எழுதறோம்." அடேங்கப்பா, என்ன ஒரு கேடயம்! அகதா கிறிஸ்டியோட 'மவுஸ்ட்ராப்' நாடகம் 1952ல லண்டன்ல ஆரம்பிச்சு எழுபது வருஷம் தாண்டி ஓடியிருக்கு. ஒவ்வொரு காட்சி முடிஞ்சதும் முடிவை வெளில சொல்லாதீங்கன்னு பார்த்தவங்ககிட்டக் கேட்டுக்கறது அங்க வழக்கம். முடிவை மறைக்கத்தான் சொன்னாங்க, அபிப்ராயத்தை மறைக்கச் சொல்லல.

1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு இங்கிலீஷ் பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதினவர், மர்மக் கதைக்குப் பத்து விதி எழுதினார். கொலைகாரன் கதையோட ஆரம்பத்துலயே தலையைக் காட்டியிருக்கணும், துப்பறியறவன் கண்ணுல பட்ட தடயம் வாசகன் கண்ணுலயும் உடனே படணும், இப்படிப் போகும். கொஞ்சம் விளையாட்டா எழுதினதுதான். ஆனா உள்ள இருக்கிற விஷயம் நிஜம். மர்மக் கதைக்காரன் உண்மையை மறைக்கலாம், ஏமாத்தக் கூடாது. சீட்டைக் கவுத்து வெக்கலாம், சீட்டுக்கட்டுல அஞ்சாவது ராஜாவைச் சேர்க்கக் கூடாது. அப்பேர்ப்பட்ட யோக்கியமான ஆட்டத்தை ஆட ஒருத்தன் முயற்சி பண்றான். சுத்தி உக்காந்திருக்கிற நாம அழுகுணி ஆட்டம் ஆடறோம்.

'அந்த நாள்' பார்த்திருப்பீங்க. 1954, ஏவிஎம் படம், எஸ்.பாலசந்தர் இயக்கினது, பாட்டே இல்லாத படம். சிவாஜியை முதல் காட்சியிலேயே சுட்டுடுவாங்க. யார் சுட்டாங்கன்னு இன்னிக்கு ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் டிவியில போட்டா உக்காந்து பார்க்கிறோமே, ஏன்? முடிவு தெரிஞ்சப்புறம் திரும்பிப் பார்த்தா முதல்லேருந்து எல்லாம் பொருந்துது. லிஃப்ட் ஓடினா கரண்ட் இருக்கு. முதல் தடவை ஆச்சரியம், ரெண்டாவது தடவை நம்பிக்கை. ரெண்டாவது தடவைக்குத் தாங்கற கதையை எழுத வைக்கணும்னா முதல் தடவை படிக்கறவன் வாயைத் திறக்கணும்.

முன்னாடி இதுக்கு வேற ஆள் இருந்தாங்க. சுஜாதாவோட முதல் நாவல் 'நைலான் கயிறு'. 1968ல குமுதத்துல தொடரா வந்தது. வக்கீல் கணேஷ் நமக்கு அறிமுகமானது அதுலதான். முதல் நாவலே மர்மக் கதை! ஆனா அவருக்கும் வாசகனுக்கும் நடுவுல ஒரு பத்திரிகை இருந்தது, ஆசிரியர் இருந்தார். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பற அதிகாரம் அவர்கிட்ட இருந்தது. வாராவாரம் லெட்டர் போடற வாசகர்கள் இருந்தாங்க. அவங்க யாரும் ஸ்ரீரங்கத்துல கூடப் படிச்சவங்களா இருந்திருக்க வேண்டியதில்லை. சுபாவை எடுத்துக்கங்க. சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரே பேர்ல எழுதினாங்க. அட்டையில ரெண்டு பேருக்கும் பங்கு. கரண்ட் இல்லாத ராத்திரியில லிஃப்ட் ஓடினா ரெண்டு பேர் மானமும் சேர்ந்து போகும். அந்த மாதிரி இடத்துல நண்பன் பொய் சொல்ல வழியே இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

2016 டிசம்பர்ல, துருவங்கள் பதினாறு வந்த அதே மாசத்துல, கிண்டில்ல தமிழ்ப் புத்தகங்களும் வந்தது. இது பெரிய வரம், அதுல சந்தேகமே இல்லை. என் சிநேகிதன் மாதிரி ஆளுங்க யார் காலையும் பிடிக்காம புத்தகம் போடலாம். ஆனா நடுவுல இருந்த ஆசிரியர் காணாமப் போயிட்டார். அவர் நாற்காலி காலியா இல்லை, அதுல நம்மளை உக்கார வெச்சிருக்காங்க. முதல்ல படிக்கிற நண்பன்தான் இப்ப எடிட்டர், அவன்தான் வாசகர் கடிதம், அவன்தான் வாயில் காப்போன். அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நாம மொய் நோட்டு எழுதிட்டு இருக்கோம். 'அவன் என் புத்தகத்துக்கு அஞ்சு வெச்சான், நான் அவன் புத்தகத்துக்கு அஞ்சு வெக்கணும்.' கல்யாண மண்டபத்துல கூட வெச்ச மொய்யை எழுதி வெச்சுக்கறது நியாயம், அங்க சாப்பாடாவது போடறாங்க.

அமேசான்காரனே, எழுதினவரோட நெருங்கின நண்பர்களும் சொந்தக்காரங்களும் விமர்சனம் போடக் கூடாதுன்னு விதி வெச்சிருக்கான். வியாபாரம் பண்றவனுக்கு இருக்கிற கூச்சம் நமக்கு இல்லையேங்கறதுதான் வருத்தம்.

"புதுசா எழுதறவனை ஊக்கப்படுத்த வேண்டாமா?" வேணும். புத்தகத்தைக் காசு குடுத்து வாங்குங்க. நாலு பேர்கிட்டச் சொல்லுங்க. அவனுக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்து, "ஆறாவது அத்தியாயத்துல கரண்ட் போச்சுடா, லிஃப்ட்டைப் பாரு"ன்னு சொல்லுங்க. அதை விடப் பெரிய ஊக்கம் கிடையாது. நீ எழுதினதை ஒரு மனுஷன் வரி விடாம படிச்சிருக்கான்னு அதுலதான் தெரியும். வள்ளுவர் நட்பைப் பத்திச் சொல்லும்போது இடிச்சுச் சொல்றதையும் அதே அதிகாரத்துலதான் வெச்சிருக்கார். கைதட்டறதுக்குத் தனியா அதிகாரம் எதுவும் எழுதினதாத் தெரியல.

"அஞ்சு ஸ்டார் இருந்தாத்தானேப்பா யாராவது வாங்குவாங்க?" வாங்குவாங்க. தொண்ணூத்தொம்பது ரூபா குடுத்து வாங்கி, பதினோராவது அத்தியாயத்துல ஏமாந்து, இனிமே தமிழ்ல புது ஆள் எழுதின த்ரில்லரைத் தொட மாட்டேன்னு முடிவு பண்ணுவாங்க. அடுத்து நிஜமாவே நல்லா எழுதிட்டு ஒருத்தன் வருவான். அவனுக்கும் அஞ்சு நட்சத்திரம் விழும், நிஜமான அஞ்சு. யார் நம்புவா? ஊர்ல கள்ள நோட்டு பெருகினா நல்ல நோட்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கத்தான் செய்வாங்க. நம்ம நண்பனுக்கு நாம பண்ற உபகாரத்துக்கு, நமக்குத் தெரியாத ஒரு பையன் விலை குடுக்கறான்.

"நீ என்ன பெரிய விமர்சகனா?" இல்லை சாமி. ஆபீஸ் போயிட்டு வந்து மிச்ச நேரத்துல கிறுக்கற ஆள். ஆனா மர்மக் கதைக்கு வேண்டிய பெரிய தகுதி, கதை தெரியாம இருக்கறது. அது எல்லார்கிட்டயும் இருக்கு, ஒரே ஒரு தடவை.

சும்மா திட்டிட்டுப் போகக் கூடாது இல்லையா? அதனால, நண்பன் எழுதின மர்மக் கதை கைக்கு வந்தா என்ன பண்ணலாம்னு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

1. வெளியாகறதுக்கு முன்னாடி படிங்க. வெளியானப்புறம் சொன்னா அது பிரேதப் பரிசோதனை.

2. கையில பென்சில் வெச்சுக்கங்க. யார் மேலயாவது சந்தேகம் வந்தா அந்தப் பக்கத்துல தேதி, நேரத்தோட எழுதுங்க. சந்தேகம் மாறினா அதையும் எழுதுங்க. எழுதினவனுக்கு இதை விட உபயோகமான காகிதம் உலகத்துல இல்லை.

3. கரண்ட், லிஃப்ட், ரயில் நேரம், செல்போன் சார்ஜ், மழை. இந்த அஞ்சையும் மட்டும் தனியா ஒரு தடவை சரி பாருங்க. பாதி ஓட்டை இங்கதான்.

4. கடைசியில 'நண்பன்தான் கொலைகாரன்'னு முடிஞ்சா, அது அதிர்ச்சியா வருதா, இல்லை துரோகம்ங்கற வார்த்தையை வெச்சு ஒப்பேத்தியிருக்கானான்னு பாருங்க. முன்னாடி அந்த நட்பு நட்பா இருந்திருந்தாத்தான் பின்னாடி அது உடையறப்ப சத்தம் கேக்கும்.

5. எல்லாத்தையும் நேர்ல சொல்லுங்க. தனியா சொல்லுங்க. பொதுவுல எழுத மனசு வரலையா, எழுதாதீங்க. மௌனத்துக்கு நட்சத்திரம் கிடையாது, ஆனா அது பொய்யும் இல்லை.

அந்த ஆபீஸ் தம்பிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானமே திருப்பிப் போன் பண்ணினேன். "காசு குடுத்து வாங்கிட்டேன்டா. ஸ்டார் இன்னிக்குக் கிடையாது. அது என்னிக்குமே கிடையாது. படிச்சுட்டு உன்னோட உக்காந்து பேசறேன்"ன்னேன். "சரிண்ணா"ன்னான். குரல்ல சுரத்தே இல்லை. ரெண்டு நாளா கேன்டீன்ல வேற மேஜையில சாப்பிடறான். பரவாயில்லை. அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கேன். ஒரு பேரைச் சின்னச் சீட்டுல எழுதி மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கேன். படிச்சு முடிச்சதும் அவன் எதிர்ல பிரிக்கப் போறேன். அது தப்பான பேரா இருக்கணும்னு வேண்டிக்கறேன். அப்படி இருந்தா பையன் ஜெயிச்சுட்டான்.

என் சிநேகிதனும் ரெண்டாவது நாவல் எழுதி முடிச்சுட்டானாம். கிரவுண்டுல காலைல நடக்க வர்ற ஒரு ரிடையர்டு வாத்தியார் சொல்லித்தான் தெரியும். கையெழுத்துப் பிரதி அவர்கிட்ட இருக்காம். "பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால கேள்வி போட்டு வெச்சிருக்கேன் சார், பாவம் பையன், கோவிச்சுக்கப் போறான்"னார். கோவிச்சுக்க மாட்டான் சார்னு சொல்லிட்டு ஒரு சுத்து கூடுதலா நடந்தேன்.

பி.கு: 2019ல போட்ட அந்த அஞ்சு நட்சத்திரத்தை நேத்து ராத்திரி எடுத்துட்டேன். சொல்லாம எடுத்தா அது இன்னொரு மறைப்பு ஆயிடுமேன்னு அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். காலைல பதில் வந்திருந்தது. ஒரே வரி. "ஜெனரேட்டர் வெச்சு மாத்திப் போட்டு நாலு வருஷம் ஆச்சுடா, நீ பார்க்கவே இல்லையா?"

இல்லை. பார்க்கவே இல்லை.